முட்டி, ஜெரூஷா, முட்டி!

கடப்பேரி, தாம்பரம்
14 ஜூலை 2024

என் தங்கம் ஜெரூஷாவுக்கு,

கர்த்தருடைய கிருபையில் அம்மா உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? உன் முட்டி இரண்டும் எப்படி இருக்கின்றன?

உங்கள் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் தருவார்கள் என்றதும் எனக்கு முதலில் கோபம்தான். போன ஞாயிறு நீ பேசும்போது பின்னால் வரிசையில் நிற்கிற பிள்ளை, "சீக்கிரம் முடிடி, எங்கம்மாவும் காத்துட்டு இருக்காங்க" என்று கத்துவது எனக்கே கேட்டது. அதில் என்ன பேச முடியும்? அதனால் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நான் அஞ்சாம் கிளாஸ்தான் என்று உனக்குத் தெரியும். கோடு போட்ட பேப்பரிலும் என் எழுத்து கோணலாகத்தான் போகும். பொறுத்துக்கொள்.

அப்பாவை அடக்கம் பண்ணி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பெண்ணைத் திருச்சிக்கு ரயில் ஏற்றிவிட்டாள் என்று சபையில் பேசுகிறார்கள். ஞானஜோதி அத்தையே வீட்டுக்கு வந்து கேட்டாள். "இன்னாடி சௌந்தரி, என் தம்பி போயி ஈரம் காயல. பொண்ணையும் அனுப்பிட்டு ஒண்டியா குந்திகினு கீற?"

நான் சொன்னேன், "அண்ணி, அந்த ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் சீட்டு கிடைச்ச அன்னைக்கு உங்க தம்பி கம்பெனி பஸ்ஸை ஓரங்கட்டி, உள்ள இருந்த எல்லாருக்கும் சாக்லேட் குடுத்தாரு. அதை வேணாம்னு சொல்ல நான் யாரு?" அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

நான் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். பொத்தேரியில் அதே மெஸ், அதே வெங்காய மூட்டை. கண்ணில் தண்ணீர் வந்தால் அங்கே யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அது ஒரு வசதி.

ஒன்று முடிவு பண்ணியிருக்கிறேன். காலையில் வெளிவட்டச் சாலை சர்வீஸ் ரோட்டில் நீ நடப்பாய். உங்கப்பா பக்கத்திலேயே எக்ஸெல் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு, "முட்டி, ஜெரூஷா, முட்டி!" என்று கத்திக்கொண்டே வருவார். நடைப் போட்டியில் முன்கால் தரையில் படும்போது முட்டி மடங்கக் கூடாது, மடங்கினால் நடுவர்கள் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கே பாடமாகிவிட்டது. போட்டி நடக்கிற இடத்திலும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அதே கத்தல்தான். அது இல்லாமல் நீ எப்படி நடப்பாய்? அதனால் அந்த வேலையை இனி நான் பார்க்கிறேன். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் எழுதுவேன். படித்துவிட்டு மைதானத்துக்குப் போ.

நேரத்துக்குச் சாப்பிடு. ஜெபம் பண்ணாமல் படுக்காதே.

முட்டி! முட்டி! முட்டி!

உன் அம்மா
ஞானசௌந்தரி

*

திருச்சி
4 ஆகஸ்ட் 2024

அன்பு அம்மா,

நான் நன்றாக இருக்கிறேன். முட்டிகளும் நலம், உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னன. மத்தியானம் மெஸ்ஸில் சோறு சாப்பிடுகிறாயா, இல்லை டீயோடு நிறுத்திவிடுகிறாயா? உண்மையைச் சொல்.

என் அறையில் மாளவிகா என்று ஒருத்தி இருக்கிறாள். நம் குரோம்பேட்டைக்காரி, நீளம் தாண்டுகிறவள். நான் நடப்பதை முதல் நாள் பார்த்துவிட்டு, "ஏய், பாத்ரூம் அவசரமா போற மாதிரியே இருக்குடி" என்றாள். மைதானமே சிரித்தது. எங்கள் கோச் ஸ்ரீநிவாசன் சார் மட்டும் சிரிக்கவில்லை. "அவ இடுப்பைப் பாத்து சிரிக்கிறவங்க அவகூட ரெண்டு ரவுண்டு நடங்க பாக்கலாம்" என்றார். மாளவிகா ஒரு சுற்றிலேயே படுத்துவிட்டாள். அதற்கப்புறம்தான் எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது.

பதினேழாம் தேதி எனக்கு இங்கே முதல் போட்டி. ஜெபத்தில் வைத்துக்கொள்.

கடிதத்தின் அடியில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். சரிம்மா.

உன் மகள்
ஜெரூஷா

*

கடப்பேரி
25 ஆகஸ்ட் 2024

என் மெடல் கண்ணுக்கு,

நான் சுகமோ சுகம். ஒரு வாரமாகப் பசிகூட ஒழுங்காக எடுக்கிறது. உனக்குக் காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லையே?

மூன்றாம் இடம்! மஞ்சள் அட்டைகூட ஒருத்தரும் காட்டவில்லை என்று போனில் சொன்னாயே, அதை நான் மெஸ்ஸில் எல்லோருக்கும் விளக்கினேன். மஞ்சள் காட்டினால் எச்சரிக்கை, மூன்று நடுவர்கள் சிவப்பு எழுதினால் ஆள் வெளியே என்று. அப்பா இருந்த காலத்தில் மஞ்சள் காட்டாத போட்டியே கிடையாது. ஐந்தாவது, ஆறாவது என்றுதான் வருவாய். இப்போது பார். மேலேயிருந்து அவர் கத்தினது உனக்குக் கேட்டிருக்கிறது. இல்லையென்றால் எப்படி?

ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். "எங்க வீட்டுக்காரர் போயிட்டாரு, ஆனா அவர் குரல் என் பொண்ணை நடத்துது" என்றேன். பாதிப்பேர் அழுதார்கள். அத்தை சத்தமாகவே அழுதாள்.

போனில் உன் குரல்தான் ஒரு மாதிரி இருந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

முட்டி! முட்டி! முட்டி!

அம்மா

*

திருச்சி
13 அக்டோபர் 2024

அன்பு அம்மா,

நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். காலாண்டுப் பரீட்சை, அப்புறம் போட்டி.

போட்டியில் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். பாதி தூரம்கூடப் போகவில்லை. முட்டி மடங்குகிறது என்று மூன்று நடுவர்கள் எழுதிவிட்டார்கள். புது ஷூ, கொஞ்சம் இறுக்கம், அதனாலாக இருக்கலாம்.

மழை ஆரம்பித்துவிட்டதா? வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் அத்தை வீட்டுக்குப் போய்விடு.

ஜெரூஷா

*

கடப்பேரி
20 அக்டோபர் 2024

அன்பு மகளுக்கு,

மழை இருக்கிறது, தண்ணீர் வாசல்படிக்குக் கீழேதான் நிற்கிறது, எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ தலையைத் துவட்டாமல் ஈரத்தோடு திரியாதே.

ஒரு போட்டியில் வெளியே அனுப்பினால் என்ன, குடியா முழுகிவிட்டது? ஷூவை மாற்றிக்கொள். ஆனால் எனக்குக் காரணம் ஷூ என்று தோன்றவில்லை. நான் மெஸ்ஸில் காய் நறுக்கிக்கொண்டே யோசித்தேன். வேலிப்பக்கம் உனக்கு என்று ஒரு ஆள் இல்லை. மற்ற பிள்ளைகளுக்கு அப்பா அம்மா வந்து நிற்கிறார்கள். உனக்குக் கத்துவதற்கு யாரும் இல்லை. பேப்பரில் எழுதினால் நடக்கும்போது எப்படிக் கேட்கும்? என் புத்திக்கு அது எட்டவில்லை பார்.

அடுத்த போட்டி எங்கே, எப்போது என்று எழுது. திருச்சியாக இருந்தாலும் ராத்திரி பஸ் பிடித்து வந்துவிடுவேன்.

முட்டி! முட்டி! முட்டி! (சத்தமாகப் படி.)

அம்மா

*

திருச்சி
8 டிசம்பர் 2024

அன்பு அம்மா,

நான் நலம். உன் கால்வலி எப்படி இருக்கிறது?

போன வாரம் இன்னொரு போட்டி இருந்தது. உனக்குச் சொல்லவில்லை. நீ அவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்றுதான். அதிலும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

சார் கூப்பிட்டுப் பேசினார். "பிராக்டிஸ்ல நீ நடக்குறதை வீடியோ எடுத்து மத்த பசங்களுக்குக் காட்டுறேன். அவ்ளோ சுத்தமா இருக்கு. போட்டின்னு வந்தா உனக்கு என்னம்மா ஆகுது?" என்றார். அப்புறம் அவர் மெதுவாகச் சொன்னார், "ஃபிப்ரவரி ஒண்ணாந்தேதி ஸ்டேட் செலக்‌ஷன். அங்க முதல் மூணு பேருக்குள்ள வரணும். அங்கயும் வெளிய வந்துட்டேன்னா, அடுத்த வருஷத்துக்கு உன் சீட்டுக்கு என்னால எழுதிக் குடுக்க முடியாது."

போட்டி நடக்கும் இடம் மேலக்கோட்டையூர்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் லீவு. வருகிறேன்.

ஜெரூஷா

*

கடப்பேரி
15 டிசம்பர் 2024

ஜெரூஷா கண்ணு,

கால்வலியை விடு, அது என்னோடு வாழ வந்தது. உனக்குச் சளி பிடிக்கவில்லையே?

மேலக்கோட்டையூரா! வண்டலூரில் இறங்கி ஒரு பஸ் மாறினால் வந்துவிடும். கர்த்தர் நமக்கென்றே அந்த மைதானத்தை அங்கே வைத்திருக்கிறார். நீ சீட்டைப் பற்றிக் கவலையே படாதே. நான் வருகிறேன். வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கத்துகிறேன். அவ்வளவுதான் விஷயம்.

கத்திப் பழகியும் பார்த்துவிட்டேன். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது "முட்டி, ஜெரூஷா, முட்டி!" என்று ஒரு தரம் விட்டேன். பக்கத்து வீட்டு குப்புராஜ் சார் பேப்பரும் கையுமாக ஓடிவந்து, "யாருக்கு இன்னாமா ஆச்சு? முட்டில அடியா?" என்றார். எனக்கு உங்கப்பா மாதிரிக் குரல் எழும்பவில்லை, கிறீச் என்று வருகிறது. அத்தையிடம் சொன்னேன். "கத்துறதுக்கு ஆளா பஞ்சம்? பெண்கள் சங்கத்துல பதினஞ்சு பேர் கீறோம். வேன் பேசுறேன். கத்துற கத்துல ஜட்ஜுங்க காது கிழியணும்" என்றாள். வேனுக்கு ஆள் பார்த்தும் ஆகிவிட்டது. போகிற வழியில் எலுமிச்சை சாதம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அப்பா இல்லாமல் நீ தனியாக நிற்கிறாய் என்று ஒருத்தரும் சொல்லக் கூடாது.

முட்டி! முட்டி! முட்டி!

அம்மா

*

திருச்சி
30 டிசம்பர் 2024

அம்மா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கொடுத்த முறுக்கை மாளவிகா முடித்துவிட்டாள்.

நான் வந்திருந்த நாலு நாளும் ஒன்றைச் சொல்ல வாயெடுத்தேன். ஒரு தடவை நீ அப்பாவின் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாய். இன்னொரு தடவை அத்தை வேனில் யார் யார் எந்த சீட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால் இங்கே வந்து எழுதுகிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, முழுவதையும் படி.

நீங்கள் யாரும் மேலக்கோட்டையூருக்கு வர வேண்டாம்.

ஆகஸ்ட் மாதம் எனக்கு மெடல் கிடைத்தது அப்பா மேலேயிருந்து கத்தியதால் இல்லை. அங்கே யாரும் கத்தாததால். அப்பா "முட்டி" என்று சொன்ன உடனே என் மனசு முட்டிக்குப் போய்விடும். மடங்குகிறதா, மடங்குகிறதா என்று பார்ப்பேன். பார்க்கப் பார்க்க அது விறைத்துப்போய் கடைசியில் மடங்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அப்பா ஆசையாகக் கத்துகிறார், அவரிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். சொல்லாமலேயே அவர் போய்விட்டார்.

ஆகஸ்ட் போட்டியில் கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே உடம்பு அவ்வளவு லேசாக இருந்ததம்மா. காற்றில் போகிற மாதிரி. சந்தோஷமாக நடந்தேன். முடிவுக் கோட்டைத் தாண்டின பிறகுதான் ஏன் லேசாக இருந்தது என்று புரிந்தது. அப்பா இல்லை, அதனால்தான். உடனே வாந்தி எடுத்தேன். வெயில் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அதற்கப்புறம் எந்தப் போட்டியில் நின்றாலும் அதே நினைப்பு. நான் நன்றாக நடந்தால், அப்பா போனதே நல்லது என்று ஆகிவிடாதா? அப்படி நினைத்ததும் அவர் குரல் கேட்க ஆரம்பிக்கிறது. முட்டி மடங்குகிறது.

நான் கெட்ட பெண்ணாம்மா?

ஜெரூஷா

*

கடப்பேரி
15 ஜனவரி 2025

ஜெரூஷா,

நான் இருக்கிறேன். நீ சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை ரயிலில் வைத்துப் படித்தேன். பொத்தேரியில் இறங்கத் தவறி அடுத்த ஸ்டேஷன் போய்த் திரும்பி வந்தேன். கோபம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். செத்தவரைப் பற்றி இப்படியா எழுதுவாள் என்று. இரண்டு ஞாயிறும் போனில் சாப்பிட்டியா, தூங்கினியா என்பதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டேன். உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.

உன்னிடம் ஒன்று சொல்கிறேன். உங்கப்பாவுக்கு சைனஸ். உனக்குத் தெரியும், மே மாதத்திலும் ஃபேனை ஒன்றுக்கு மேல் வைக்க விடமாட்டார். கல்யாணமானதிலிருந்து நான் வேர்வையில்தான் படுத்தேன். அவர் போய், உன்னையும் ரயில் ஏற்றிவிட்டு வந்த அன்று, என்னமோ நினைத்து ஐந்தில் வைத்தேன். படுத்ததுதான் தெரியும். விடிந்து வெயில் முகத்தில் அடிக்கிற வரைக்கும் தூங்கினேன். எழுந்து உட்கார்ந்தேன். சே, புருஷன் போன வீட்டில் இப்படியா ஒருத்தி தூங்குவாள் என்று என்னையே திட்டிக்கொண்டேன். மறுபடி ஒன்றில் வைத்துக்கொண்டு வேர்த்து ஊற்றப் படுத்தேன். ரொம்ப நாள் அப்படித்தான் படுத்தேன். அதனால் அவருக்கு என்ன கிடைத்தது? எனக்கு முதுகெல்லாம் வேர்க்குரு வந்தது.

இப்போது ஐந்தில்தான் ஓடுகிறது. அவரை நினைத்து அழுகையும் வருகிறது. ஃபேனுக்குக் கீழேயே படுத்து அழுகிறேன். இரண்டும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன, ஒன்றை ஒன்று ஒன்றும் செய்யவில்லை.

நீ கெட்ட பெண் என்றால் நானும் கெட்டவள்தான். அப்படி எனக்குத் தோன்றவில்லை.

வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அத்தை, "இன்னாத்துக்கு? நாங்க இன்னா தப்பு பண்ணோம்?" என்று குதித்தாள். காரணம் சொல்லவில்லை. என் மகள் வேண்டாம் என்றாள், அவ்வளவுதான் என்றேன். நானும் வரமாட்டேன். பஸ்ஸில் அரை மணி தூரத்தில் நீ நடக்கும்போது நான் இங்கே இருப்பது எனக்குக் கஷ்டம்தான். இருப்பேன்.

எப்படி நடக்க வேண்டும் என்று உனக்குச் சொல்ல எனக்குத் தெரியாது. நடக்கிறது உன் கால், நினைக்கிறது உன் தலை. அதற்குள் நான் வந்து ஒன்றும் பண்ண முடியாது. நீயே யோசித்துப் பார். உனக்கு யோசனை வரும். சின்ன வயதில் பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொண்டபோது அழாமல் யோசித்து ஜன்னல் வழியாகக் குதித்தவள்தானே நீ.

அம்மா

*

திருச்சி
22 ஜனவரி 2025

என் அம்மாவுக்கு,

நல்ல பசி, நல்ல தூக்கம், எல்லாம் இருக்கிறது. வேர்க்குருவுக்கு பவுடர் போட்டாயா? இப்போதாவது?

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. மாளவிகா, "லவ் லெட்டராடி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நீ சொன்ன மாதிரி யோசித்தேன். முதலில் அந்தக் குரலை விரட்டப் பார்த்தேன். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நடந்தேன். குரல் உள்ளேயிருந்து வருவதற்குப் பஞ்சு என்ன செய்யும்? பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தேன், மூச்சு போனதுதான் மிச்சம். அப்புறம் ஒரு நாள் தோன்றியது. அவர் என் அப்பா. அவரை ஏன் விரட்ட வேண்டும்? கத்தட்டும். கத்தினால் நான் முட்டியைப் பார்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

அதைப் பழக வேண்டும் என்று மாளவிகாவிடம் சொன்னேன். அவள் எங்கள் ஹாஸ்டல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து டிராக் ஓரத்தில் நிறுத்திவிட்டாள். நான் பக்கத்தில் வரும்போதெல்லாம், "முட்டி, ஜெரூஷா, முட்டி!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். ஒருத்தி தட்டில் தாளம் வேறு. முதல் நாள் முட்டி மடங்கித் தடுமாறி நின்றுவிட்டேன். சார் ஓடிவந்தார். "என்னம்மா இது, மீன் மார்க்கெட்டா?" விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், உன்னிடம் சொன்ன மாதிரி. "முட்டி மடங்கக் கூடாதுன்னு உனக்கு எல்லாரும் சொல்லிட்டோம். என்ன பண்ணணும்னு உனக்கு நீ ஏதாவது சொல்லிக்கிறியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப ஒண்ணு கண்டுபிடி. நான் சொல்லித் தரமாட்டேன். என் வார்த்தை உனக்கு எதுக்கு?"

இரண்டு நாள் தேடினேன். கிடைத்துவிட்டதம்மா. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் கால் தானாகப் போகிறது. அது என்ன என்று யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை, தப்பாக நினைக்காதே.

இப்போது பிள்ளைகள் கத்தினால் கேட்கிறது. கேட்டுக்கொண்டே நடக்கிறேன். எல்லா நாளும் இல்லை. நேற்றுகூட ஒரு சுற்றில் சறுக்கினேன். ஆனால் இப்போது என்ன நடக்கிறது என்று தெரிகிறது.

ஜெரூஷா

*

திருச்சி
5 ஃபிப்ரவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வந்து சேர்ந்தோம். கால் வலி, நல்ல வலி. உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

சார் போனில் இருந்து நான் பேசியபோது பக்கத்தில் எல்லோரும் இருந்தார்கள். அதனால் "ரெண்டாவதும்மா" என்பதற்கு மேல் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

வேலியைப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். கிளம்புவதற்கு முன்னால் பார்த்துவிட்டேன். உன்னைத் தேடினேன். வர வேண்டாம் என்று சொன்னவளும் நான்தான், தேடினவளும் நான்தான். நீ இல்லை. அப்போதுதான் அம்மா நான் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறாள் என்று தோன்றியது. நிமிர்ந்து நின்றேன்.

பாதி தூரம் வரைக்கும் நாலாவதாகப் போனேன். அப்புறம் ஒரு நடுவர் மஞ்சள் அட்டையைக் காட்டினார். அந்த நிமிஷமே அப்பா வந்துவிட்டார். எக்ஸெல் சத்தத்தோடு வந்தார். "முட்டி, ஜெரூஷா, முட்டி!" சரிப்பா, கேட்டுச்சு என்று மனசுக்குள் சொன்னேன். அவர் நிறுத்தவில்லை, உனக்குத்தான் தெரியுமே. அவர் கத்திக்கொண்டே கூட வந்தார், நான் என் வார்த்தையைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். அவர் போகட்டும் என்று காத்திருக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேரைக் கடைசிச் சுற்றில் தாண்டினேன். யார் யாருக்கு சிவப்பு எழுதியிருக்கிறார்கள் என்று பலகையைப் பார்க்கவே இல்லை. முடித்த பிறகு மாளவிகாதான் பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னாள், என் எண்ணுக்கு நேராக ஒரே ஒரு சிவப்புதான் என்று. "சீட்டு கன்ஃபர்ம்டி, மெண்டல்!" என்று என் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

இனிமேல்தான் விஷயம். தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவர்களில் வயதான ஒரு மேடம் என்னிடம் வந்தார். செங்கல்பட்டு போட்டிகளுக்கெல்லாம் வருவாரே, வெள்ளைத் தொப்பி போட்டவர். "தாம்பரம் பொண்ணுதானே நீ? உங்கப்பா வரலையா?" என்று கேட்டார். இறந்துவிட்டார் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "அடடா. நல்ல மனுஷன்மா. ஆனா உனக்கு ஒண்ணு தெரியுமா? பன்னெண்டு பொண்ணுங்க நடக்கும்போது எல்லார் முட்டியையும் எங்களால பாக்க முடியாது. உங்கப்பா 'முட்டி, முட்டி'ன்னு கத்துவாரா, நாங்க எல்லாரும் திரும்பி உன் முட்டியத்தான் பாப்போம்" என்றார்.

அம்மா, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. அந்த மேடமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகையாக மாறிவிட்டது. அடக்கத்தன்று நான் அழவில்லை, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் கல்லு மாதிரி நிக்கிறா பார் என்றார்களே. இப்போது மேலக்கோட்டையூர் மைதானத்தில் அத்தனை பேர் முன்னால் உட்கார்ந்து, அந்த மேடம் மடியில் தலையை வைத்துக்கொண்டு அப்பா அப்பா என்று அழுதேன்.

இப்போது நன்றாக இருக்கிறேன். நிஜமாகவே.

ஜெரூஷா

*

கடப்பேரி
12 ஃபிப்ரவரி 2025

என் மகள் ஜெரூஷாவுக்கு,

உன்னைச் சுகமாக வைத்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எனக்கும் ஒரு குறையும் இல்லை.

ஒன்றாம் தேதி நீ நடந்துகொண்டிருந்தபோது நான் என்ன செய்தேன் என்று கேட்கவில்லையே. மெஸ்ஸுக்குப் போனேன். லீவு எடுத்தால் கால் தானாக வண்டலூர் பஸ் ஏறிவிடும் என்ற பயம். அத்தையைத் தனியாக விட்டால் அவள் ஏறிவிடுவாள், அதனால் அவளையும் கூட்டிக்கொண்டு போய் எதிரே உட்கார வைத்து பூண்டு உரிக்கச் சொன்னேன். "ஒரே ஒரு தபா வேலியாண்ட நின்னு பாத்துட்டு வந்துர்லாம்டி, வாயே தொறக்க மாட்டேன்" என்று நாலைந்து தரம் எழுந்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவள் கத்துவாள் என்பது மட்டும் இல்லை என் பயம். அவள் எழுந்தால் நானும் எழுந்துவிடுவேன். உன் போட்டி ஒரு பக்கம், என் போட்டி ஒரு பக்கம் நடந்தது என்று வைத்துக்கொள்.

உன் கடிதத்தை லேடீஸ் கம்பார்ட்மெண்டில் படித்தேன். அந்த மேடம் சொன்ன இடம் வந்ததும் அது அப்படியே கண்ணில் தெரிந்தது: உங்கப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, தன் பெண்ணைத் தானே ஜட்ஜிடம் காட்டிக்கொடுக்கிறார், அதுவும் வருஷக்கணக்காக, அதுவும் லீவு போட்டு வந்து! நான் சிரித்த சிரிப்பில் எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த நர்ஸ் பெண் எழுந்துவிட்டாள். "என்னாச்சு ஆன்ட்டி?" என்றாள். "எங்க வீட்டுக்காரருமா" என்றேன். "வீட்டுல கீறாரா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தேன். பாவம், அந்தப் பிள்ளை பயந்துபோய்த் தள்ளி உட்கார்ந்தது. அவர் போனதிலிருந்து அவரை நினைத்து அழுதுகொண்டுதான் இருந்தேன். அவர் எவ்வளவு சிரிக்க வைப்பார் என்பதையே மறந்து போயிருந்தேன்.

அத்தைக்கும் படித்துக் காட்டினேன். முழுவதையும் இல்லை, அந்த இடத்தை மட்டும். முதலில் முறைத்தாள். "என் தம்பிய வச்சி ஆத்தாளும் பொண்ணும் காமெடி பண்றீங்களா?" என்றாள். அப்புறம் அவளுக்கும் சிரிப்பு பிய்த்துக்கொண்டது. "ஐயோ, ஸ்கூல்ல எனக்கும் இதே வேலை பண்ணுவான்டி. டீச்சர் மறந்தாகூட அக்கா வூட்டுப்பாடம் எழுதலன்னு இவன் கத்துவான்" என்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அரை மணி நேரம் அவர் பண்ணின கூத்தையெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். வீட்டில் அவர் சத்தம் இருந்தது.

போகும்போது அத்தை வாசலில் நின்று, "அந்த வார்த்தை இன்னான்னு கேட்டு எழுது. எனக்கு மட்டும் சொல்லட்டும்" என்றாள். அது அவளோடது அண்ணி, போயிட்டு வாங்க என்று கேட்டைச் சாத்தினேன்.

மாளவிகாவையும் கூட்டிக்கொண்டு மாசக் கடைசியில் வா. இரண்டு பேருக்கும் வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன்.

உன் அம்மா
ஞானசௌந்தரி